மூத்த லைன்மேன் ஓய்வு பெறும் முன்: மின் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு 11 கேவி (11,000 வோல்ட்) நிலத்தடிக் கேபிள் எந்த இடத்தில் திரும்புகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்கு மாதம் முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்பது, அந்தக் கேபிள் பழுதான ராத்திரிதான் எங்களுக்கு உறைத்தது. வரைபடம் இருந்தது. அதில் கேபிள் நேராகப் போகிறது, நிஜத்தில் அப்படிப் போகவில்லை. எப்போதோ குளக்கரையைப் பலப்படுத்தியபோது வழியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், யாரும் தாளில் ஏற்றவில்லை. மூன்று குழி தோண்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவருக்கே போன் போட்டோம். லுங்கியோடு டிவிஎஸ் 50இல் வந்தவர், கரையோரம் கொஞ்ச தூரம் நடந்து, செருப்புக் காலால் தரையைத் தட்டி, "இங்க ஒரு ஜாயிண்ட் இருக்கு சார், தோண்டச் சொல்லுங்க" என்றார். இருந்தது.

இந்தக் கதையைச் சொன்னால் "என்ன அனுபவம் பாருங்க" என்று சிலாகிப்பார்கள். எனக்கு அன்றைக்கு வந்தது வெட்கம்தான். இருபத்தெட்டு வருடம் கூடவே இருந்த மனிதர். ஒரே ஒரு சாயங்காலம் அவரோடு அந்தப் பாதையில் நடந்திருந்தால் போதும், நடக்கவில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி பிரிவு அலுவலகத்திலும் துணைமின் நிலையத்திலும் மின் உற்பத்தி நிலையத்திலும் இருக்கிற உதவிப் பொறியாளர், உதவி செயற்பொறியாளர் போன்றவர்களுக்கானது. ஆள் எடுப்பது நம் கையில் இல்லை. காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லிக் கடிதம் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பதில் வருகிற வரை கைகட்டி உட்கார்ந்திருந்தால் அதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள். மேலிடத்து அனுமதி இல்லாமலே நாமே செய்யக்கூடியதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

ஏன் எல்லோரும் ஒன்றாகப் போகிறார்கள்

மின்துறையில் ஆள் எடுப்பது எப்போதும் அலை அலையாகத்தான் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சார வாரியம் 1957இல் உருவானது. குந்தா நீர்மின் நிலையங்கள், கிராம மின்மயமாக்கல், பம்ப்செட் இணைப்புகள், தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை அனல்மின் நிலையங்கள் என்று ஒவ்வொரு விரிவாக்கத்தின்போதும் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினையை விசாரித்த நீதிபதி காலித் ஆணையத்துக்குப் பிறகு, 1990களில், ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் நிரந்தரமானார்கள். நடுவில் வருடக்கணக்காக ஆள் எடுக்காத காலமும் உண்டு. ஒன்றாக வந்தவர்கள் ஒன்றாகத்தானே போவார்கள்?

இதற்கு மேல் ஓய்வு வயது மாறியது. தமிழக அரசு 2020 மே மாதத்தில் 58ஐ 59 ஆக்கியது, 2021 பிப்ரவரியில் 60 ஆக்கியது, பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சேர்த்து. 58இல் போக வேண்டியவர்களுக்கு இரண்டு வருடம் கூடியது. அந்த இரண்டு வருடத்தில் நாம் உருப்படியாக எதையாவது கேட்டு எழுதி வைத்திருந்தால் அது நல்ல காலமாக இருந்திருக்கும். பெரும்பாலான இடங்களில் "இப்போ யாரும் போகல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டோம்.

முதல் படி: பட்டியல் போடுங்கள், ஆனால் மாத வாரியாக

வருடத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்கு தலைமை அலுவலகத்துக்குப் போதும், உங்களுக்குப் போதாது. பணிப்பதிவேட்டில் இருக்கும் பிறந்த தேதியை எடுத்து, ஒவ்வொருவரும் எந்த மாதக் கடைசியில் போகிறார் என்று எழுதுங்கள். ஒன்றாம் தேதி பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெற்றுவிடுவார் என்பதை மறக்க வேண்டாம்.

எழுதி முடித்ததும் ஒரு வேடிக்கை தெரியும். மே, ஜூன் மாதங்களில் பெயர்கள் குவிந்திருக்கும். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த பிறந்த தேதிதான் காரணம். வேடிக்கை அதோடு முடிவதில்லை. கோடை மின்தேவை உச்சத்தில் இருப்பதும், தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பிப்பதும், ஆடிக்காற்று மரக்கிளையை ஒடித்துக் கம்பி மேல் போடுவதும் அந்த மாதங்களை ஒட்டியேதான். மிகவும் தேவைப்படும் நேரத்தில் மிகவும் தெரிந்தவர்கள் மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

இன்னொன்று. பட்டியலில் இருக்கும் தேதியிலிருந்து ஆறு மாதத்தைக் கழித்துவிடுங்கள். கடைசி மாதங்களில் அவர் ஓய்வூதியக் கோப்பு, நிலுவையின்மைச் சான்று, பழைய தணிக்கை ஆட்சேபணை என்று வட்ட அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருப்பார். மிச்ச விடுப்பையும் எடுப்பார். மகள் கல்யாணம் இருக்கும். அவரிடம் கற்றுக்கொள்ள உங்களுக்கு இருக்கிற உண்மையான கெடு அந்த ஆறு மாதத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பட்டியலில் பெயர் வராதவர்களையும் சேருங்கள். பதினைந்து இருபது வருடமாக ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆள் ஒருவர் எல்லாப் பிரிவிலும் இருப்பார். எந்தக் கம்பத்தில் எந்த ஜம்பர் (இரண்டு கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி) என்று அவருக்குத்தான் தெரியும். அவருக்கு ஓய்வு தேதி கிடையாது, அதனாலேயே எந்தத் திட்டத்திலும் அவர் வருவதில்லை. நாளைக்கே வேறு வேலைக்குப் போனாலும் போகலாம்.

இரண்டாம் படி: யாரிடம் முதலில் உட்கார வேண்டும்?

இருபது பேர் போகிறார்கள் என்றால் இருபது பேரிடமும் ஒரே மாதிரி உட்கார நேரம் இருக்காது. இங்கே அமெரிக்காவின் அரசு மின் நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் பயன்படுத்திய ஒரு எளிய கணக்கு கை கொடுக்கும். சர்வதேச அணுசக்தி முகமையும் அதை அணுமின் நிலையங்களுக்குப் பரிந்துரைத்தது. இரண்டே எண்தான். முதலாவது, ஓய்வுக்கு எவ்வளவு நெருக்கம் என்பது. இந்த வருடமோ அடுத்த வருடமோ போகிறவருக்கு 5, அப்படியே குறைந்து, ஆறு வருடம் அல்லது அதற்கு மேல் இருக்கிறவருக்கு 1. இரண்டாவது, அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்காவது தெரியுமா என்பது. வேறு யாருக்கும் தெரியாத, அது இல்லாமல் வேலை நிற்கும் என்றால் 5. யாரை வேண்டுமானாலும் போட்டுச் செய்யலாம் என்றால் 1. இரண்டையும் பெருக்குங்கள். 20 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே வேலையைத் தொடங்க வேண்டும்.

போட்டுப் பார்த்தால் பதவிக்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தம் இருக்காது என்பதுதான் ஆச்சரியம். பொறியாளர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றத்தில் போய்க்கொண்டே இருப்பவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் விதியிலும் கோப்பிலும் இருக்கிறது. ஒரே பிரிவில் கம்பியாளராகச் சேர்ந்து மின்பாதை ஆய்வாளராக ஓய்வு பெறுகிறவருக்கு 25 வரும். துணைமின் நிலையத்தில் பழைய மின்காந்த ரிலேக்களை (கோளாறைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவிகள்) திறந்து சுத்தம் செய்து மறுபடி செட்டிங் போடத் தெரிந்த ஒரே ஆளுக்கும் 25. நான் செய்த ஒரு கணக்கில் முதல் ஐந்து பேரில் ஒரே ஒருவர்தான் பொறியாளர்.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறை உண்டு. இது ஓய்வை மட்டும்தான் பார்க்கிறது. மாரடைப்பு, விபத்து, திடீர் இடமாற்றம் எல்லாம் தேதி சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனால் இரண்டாவது எண் 5 என்றால், முதல் எண் எதுவாக இருந்தாலும் அந்தப் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போடுங்கள்.

மூன்றாம் படி: கேட்கிற விதம்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு விஷயம், நேரம் எடுத்துப் படியுங்கள்.

"உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள் அண்ணே" என்று கேட்டால் இரண்டு பக்கம் வரும். அதில் பாதி பாதுகாப்பு உறுதிமொழியாக இருக்கும். அவர் எதையும் ஒளிக்கவில்லை. தனக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரிடம் எப்படி விழாமல் இருக்கிறீர்கள் என்று கேட்பதைப் போலத்தான்.

அவரைக் கூட்டிக்கொண்டு நடங்கள். ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதை) தொடங்கும் பிரேக்கரிலிருந்து கடைசி டிரான்ஸ்பார்மர் வரை, ஒற்றைக்கோட்டு வரைபடத்தின் அச்சுப்பிரதியும் சிவப்புப் பேனாவும் கையில் இருக்க, இரண்டு மூன்று சாயங்காலம் நடந்தால் போதும். தப்பு இருக்கிற இடத்தில் அவரே நிற்பார். அங்கேயே திருத்துங்கள், போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது சில கேள்விகள்:

- போன மழைக்காலத்தில் ராத்திரியில் உங்களை வீட்டிலிருந்து கூப்பிட்டது எந்த எந்த நாள்? என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?
- கைப்பிடியைத் திறந்தாலும் மேலே ஒரு பிளேடு ஒட்டிக்கொண்டே இருக்கும் ஏபி சுவிட்ச் (கம்பத்தின் மேலே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) எது?
- இரண்டு ஃபீடர் ஒரே கம்பத்தில் போவது எங்கெங்கே? ஒன்றுக்கு எல்சி (லைன் கிளியர், மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்யத் தரும் அனுமதி) வாங்கினால் இன்னொன்று உயிரோடு இருக்கும் இடம் எது?
- ஜெனரேட்டர் வைத்திருக்கிற கல்யாண மண்டபம், ரைஸ் மில், ஐஸ் ஃபேக்டரி எவை? எதிலிருந்து நம் லைனுக்குள் மின்சாரம் திரும்பி வந்திருக்கிறது?
- மழை பெய்தால் நீங்கள் கிட்டே போகத் தயங்கும் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்விநியோகப் பெட்டி) எது?
- எந்தத் தோப்புக்காரரிடம் யார் போய்ப் பேசினால் மரம் வெட்ட விடுவார்?

கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். புயலுக்கு முன் கிளை வெட்டுகிற வேலை பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு வரும் பதிலை அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், ஆவணம் தயாராகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உயிர் போகிற விஷயம். ஒட்டுகிற ஏபி சுவிட்சைக் குறித்து வைத்தால் மட்டும் போதாது, சரி செய்யவும் வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பதிவு செய்யும் வேலையை இளைஞர்களிடம் கொடுங்கள். தமிழ்நாட்டில் கேங்மேன் பணிக்கு 5ஆம் வகுப்புதான் கல்வித் தகுதி, கம்பம் ஏறிக் காட்ட வேண்டும், கிராஸ் ஆர்ம் (கம்பத்தின் குறுக்குச் சட்டம்) மாட்டிக் காட்ட வேண்டும். ஆனால் வந்தவர்களில் ஐடிஐ, டிப்ளமோ, பட்டப்படிப்பு படித்தவர்கள் எத்தனை பேர்! போனில் வீடியோ எடுக்கவும் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பெயர் போட்டு வைக்கவும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியவர் பேசட்டும், தம்பி எடுக்கட்டும். எடுக்கும்போதே அவனும் கற்றுக்கொள்கிறான், அதுதான் உண்மையான லாபம். வீடியோ மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெரியவர் செய்வதெல்லாம் அறிவு இல்லை, சிலது வெறும் பழக்கம். கையுறை இல்லாமல் பீஸ் கட்டையைப் பிடுங்குவது, ஒரு பக்கம் மட்டும் எர்த் ராடு (நிறுத்திய கம்பியைத் தரையோடு இணைக்கும் கோல்) மாட்டிவிட்டு ஏறுவது, பீஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று நாலு இழையை முறுக்கிக் கட்டுவது. "முப்பது வருசமா இப்படித்தான் சார் செய்யறேன், ஒண்ணும் ஆகல" என்பார். அவருக்கு ஆகவில்லை, சரி. அதே மாதிரி செய்து போனவர்கள் வந்து பேச முடியாது. பதிவில் இப்படி எதுவும் வந்தால் வெட்டி எறியுங்கள். அவர் மனசு நோகாமல் வெட்டுவது உங்கள் சாமர்த்தியம்.

உற்பத்தி நிலையத்தில் கேள்விகள் வேறு. 1930களில் தொடங்கிய பைக்காராவையோ, 1960களின் குந்தாவையோ நினைத்துப் பாருங்கள். பழைய நீர்மின் நிலையத்தில் பேரிங் சத்தம் மாறுவதைக் காதாலேயே கண்டுபிடிக்கிற ஆள், அனல்மின் நிலையத்தில் பாய்லர் டியூப் கசிவை மீட்டர் காட்டும் முன் சொல்கிற ஆள் இருப்பார்கள். அவர்களோடு ஷிஃப்டில் நின்று, சத்தத்தைப் பதிவு செய்து, அந்த நேரத்து அளவீடுகளையும் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம், மின்கட்டமைப்பே விழுந்து எங்கும் மின்சாரம் இல்லாத முழு இருட்டிலிருந்து நிலையத்தை மறுபடி எழுப்பும் வேலை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியக் கட்டமைப்பு விழுந்தபோது தென்னகம் தப்பித்தது, அப்போது அதனோடு ஒத்திசைவாக (ஒரே அதிர்வெண்ணில் ஓடும் ஒரே கட்டமைப்பாக) இணைந்திருக்கவில்லை. 2013 டிசம்பர் கடைசியில்தான் இணைந்தது. தப்பித்ததன் மறுபக்கம், அப்படிப்பட்ட இருட்டை நேரில் பார்த்த ஆபரேட்டர் இங்கே ரொம்பக் குறைவு. ஒத்திகை நடக்கும்போது பெரியவரை ஓரமாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, இளையவர்களை கைப்பிடியில் நிறுத்துங்கள். வழக்கமாக இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

நான்காம் படி: ஒரே வேலையில் இரண்டு பேர்

போகிறவரும் வருகிறவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். அரசு அமைப்பில் ஒரு பணியிடத்தில் இரண்டு பேரைப் போட முடியாது என்று உடனே சொல்வார்கள். உண்மைதான். அதனால் வருகிறவரை வெளியே தேடாதீர்கள். அதே பிரிவில் இருக்கும் ஒருவரை இப்போதே நிழலாகச் சேர்த்துவிடுங்கள், அலுவலக ஆணை எதுவும் தேவைப்படாது, வேலை ஒதுக்கும்போது ஜோடியாக ஒதுக்கினால் போதும். முதல் இரண்டு மாதம் பெரியவர் செய்கிறார், இளையவர் பார்க்கிறார். அடுத்த இரண்டு மாதம் இளையவர் செய்கிறார், பெரியவர் பக்கத்தில். அதற்கப்புறம் பெரியவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார், இளையவர் போனில் மட்டும் கேட்கலாம். அவர் என்ன கேட்டார் என்று குறித்துவையுங்கள், எழுதப்படாமல் விட்டது எது என்று அந்தக் குறிப்பு சொல்லும்.

எல்லா இடத்தையும் நிரப்பத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிற கணக்கீட்டாளர் வேலை, ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் இப்படியே இருக்காது. அந்த இடங்களுக்காகச் சண்டை போடுவதைவிட, ரிலே சோதனைக்கும் கேபிள் ஜாயிண்டுக்கும் ஆள் கேட்டுச் சண்டை போடுவது புத்திசாலித்தனம்.

ஐந்தாம் படி: இன்னும் போகாதவர்களின் உடம்பு

வயதாகும் பணியாளர்கள் என்றால் ஓய்வு மட்டும்தான் பேச்சு. ஐம்பத்தைந்து வயதில் மூட்டுவலியோடு கம்பம் ஏறிக்கொண்டிருப்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கண்ணிலிருந்து தொடங்குங்கள். நாற்பத்தைந்துக்கு மேல் வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் கேபிள் ஜாயிண்ட் செய்கிறவர்கள் உண்டு. ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் ஃபீடர் பெயர்ப்பலகையைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கண் பரிசோதனை முகாம், படிக்கிற பவரோடு பாதுகாப்புக் கண்ணாடி, எழுத்து பெரிதாகவும் இருட்டில் மின்னுவதாகவும் உள்ள பெயர்ப்பலகை. மூன்றும் சேர்ந்தாலும் பெரிய செலவில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பவர்கள் தொடர்ந்து இரவு ஷிஃப்ட் பார்ப்பதையும், மே மாத வெயிலில் மதியம் மேலே தொங்குவதையும் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் உடல்நிலை தெரிந்தால் சம்பளமோ பதவியோ போய்விடும் என்று பயந்து மறைப்பார்கள். போகாது என்பதை முதலில் உறுதியாகச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

ஏற முடியாதவர் தரையில் செய்ய மிக முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது: எல்சி கொடுப்பது வாங்குவது, எர்த் ராடு இரண்டு பக்கமும் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, மேலே இருப்பவனை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பது. "கீழ நிக்கிற வேலை" என்று ஒரு இளக்காரம் நம்மிடம் இருக்கிறது, அதை உடைக்க வேண்டியது பொறியாளர்தான்.

ஆறாம் படி: போனபின்னும் கூப்பிடலாம், அளவோடு

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்து வந்து வேலை செய்த குழுக்களுக்கு அந்த ஊர் தெரியாது. லைன் எந்த வயல் வழியாகப் போனது என்று காட்ட ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு ஓய்வு பெற்றவரைவிடப் பொருத்தமானவர் யார்? விருப்பம் உள்ளவர்களின் போன் எண்கள், அவர்களுக்குத் தெரிந்த ஃபீடர்கள் என்று ஒரு தாள் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வழி காட்டட்டும், யோசனை சொல்லட்டும். சுவிட்சைத் தொடவோ கம்பம் ஏறவோ விடாதீர்கள். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, கட்டமைப்பில் வேலை செய்ய நியமிக்கப்பட்டவர்களின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். அவர் பெயர் இப்போது அதில் இல்லை, ஏதாவது ஆனால் அவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? கூப்பிட்டால் வண்டி அனுப்புங்கள், படி கொடுங்கள். எங்கள் கேபிள் அண்ணனுக்கு அன்றைக்கு ஒரு டீதான் வாங்கிக் கொடுத்தோம்.

ஏழாம் படி: அவர் இல்லாத ஒரு வாரம்

இதெல்லாம் நடந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, ஓய்வுக்கு மூன்று மாதம் முன் அவரை ஒரு வாரம் கட்டாயமாக விடுப்பில் அனுப்புவது. குடும்பத்தோடு திருச்செந்தூரோ பழனியோ போய்வரட்டும். போனில் அவரைக் கூப்பிடக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஆபத்து என்றால் நீங்கள் ஒருவர் மட்டும் கூப்பிடலாம். மழைக்காலத்தில் செய்யாதீர்கள், பராமரிப்புக்காக மின்நிறுத்தம் அறிவித்த ஒரு நாள் அந்த வாரத்துக்குள் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே தடுமாறினோம், யாரைத் தேடினோம், எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றோம் என்று அன்றன்றைக்கே குறித்துக்கொண்டு வாருங்கள்.

திங்கட்கிழமை அவர் பிரசாதப் பொட்டலத்தோடு வருவார். அந்தத் தாளை அவர் முன் வைத்து, டீ சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து கேட்க ஆரம்பியுங்கள்.